ரொட்டர்டாம்: எரிந்த எல்லைக்குள் முதல் நாள்

அனலைதீவுக்கு ஒல்லாந்தர் வைத்த பெயர் ரொட்டர்டாம். நெடுந்தீவுக்கு டெல்ப்ட், வேலணைக்கு லைடன், காரைநகருக்கு அம்ஸ்டர்டாம், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க். எல்லாம் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்கள். இவற்றுள் டெல்ப்ட் என்ற பெயர்தான் எம்மிடையே நிலைத்தது. மற்றவை பழைய தேசப்படங்களோடு போய்விட்டன.

உண்மையான ரொட்டர்டாம் நெதர்லாந்து நாட்டின் துறைமுகப் பட்டினம். ஐரோப்பாவின் மிகப் பெரிய துறைமுகம் அது. சென்ற வைகாசி மாதம் எமது சமூக நிலையத்திலிருந்து நால்வர் அங்கு சென்றோம். நிலையத்தின் இயக்குநரான அருட்தந்தை, மன்னார்ப் பக்கத்து நெற்செய்கையாளர் ஒருவர், முல்லைத்தீவில் மாதர் சங்கமொன்றை நடத்தும் தாய் ஒருவர், நான். கடல்நீர் புகுந்த வயல்களை அந்நாட்டவர் எவ்வாறு மீட்டார்கள் என்று பார்ப்பதே பயணத்தின் நோக்கம். அந்த வயல்கள் தெற்கே சீலாந்து மாகாணத்தில் உள்ளன. ரொட்டர்டாமில் எமக்கிருந்தது ஒரே ஒரு நாள். ஆனால் இடம்பெயர்ந்தோரின் கண்ணுக்கு அந்த ஒரு நாளில் அகப்பட்டவை கொஞ்சமல்ல.

ஏரிக்குள் இறங்கிய விமானம்

விமானம் இறங்கிய இடமே எமது விவசாயியைத் திகைக்க வைத்தது. அம்ஸ்டர்டாம் விமான நிலையம் ஒரு காலத்தில் ஏரி. ஹார்லெம் ஏரி என்ற அந்தப் பெருநீர்ப்பரப்பை 1852ஆம் ஆண்டளவில் நீராவி இயந்திரங்களால் இறைத்து வற்றச் செய்து, ஏறக்குறைய 18,000 ஹெக்டேயர் நிலத்தை விவசாயத்துக்கு எடுத்தார்கள். விமான ஓடுபாதைகள் பின்னர் வந்தவை. அவை கடல் மட்டத்துக்கு மூன்று, நான்கு மீற்றர் கீழே கிடக்கின்றன.

அங்கிருந்து ரயிலில் தெற்கே போனோம். வழியில் லைடன், பிறகு டெல்ப்ட். "வேலணையும் நெடுந்தீவும் தாண்டியாச்சு, இனி அனலைதீவுதான்" என்று பாதர் பகிடி விட்டார். யன்னலுக்கு வெளியே பச்சைப் புல்வெளி, கறுப்பும் வெள்ளையுமான மாடுகள், நூல் பிடித்தாற்போல நேரான வாய்க்கால்கள். ஓரிடத்தில் வாய்க்காலில் ஒரு படகு போயிற்று. அது எங்கள் தலைக்கு மேலே போனது! வாய்க்கால் உயரத்தில், வயல் பள்ளத்தில்.

குளக்கட்டுக்குக் கீழே வயல் செய்தவர்களுக்கு இதில் என்ன புதுமை என்று கேட்பீர்கள். தண்ணீர் போகும் திசைதான் புதுமை. எமது விவசாயி சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "நாங்கள் வயலுக்குத் தண்ணி இறைக்கிறம். இவங்கள் வயலிலயிருந்தெல்லோ தண்ணியை இறைச்சு வெளியில விடுறாங்கள்." இந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொள்ள அங்கே தனிச் சபைகள் இருக்கின்றன. எமது வட்டவிதானை முறை போலத் தொடங்கியவை என்று எண்ணிக்கொள்ளலாம். அணையைக் காக்கவும் வாய்க்காலைத் துப்புரவாக்கவும் ஊரவர் தமக்குள் கூடி அமைத்தவை. ரொட்டர்டாம் பகுதியின் சபைக்கு 1273ஆம் ஆண்டில் பட்டயம் வழங்கப்பட்டது. அரசுகள் மாறின, போர்கள் வந்தன, சபை இருக்கிறது. அதற்குத் தேர்தல் உண்டு, வரி உண்டு. கிணற்றடியில் நீர் முறைக்காக மல்லுக்கு நிற்கும் எங்களுக்கு இது யோசிக்க வேண்டிய விடயம்.

பழைய கட்டடம் எங்கே?

ரொட்டர்டாம் நிலையத்தில் எங்களை எதிர்கொண்டவர் ஒரு தமிழர். எண்பதுகளில் தென்மராட்சியிலிருந்து அகதியாக வந்து, அங்கேயே தொழில் செய்து, இப்போது இளைப்பாறியிருக்கிறார். எங்களை அழைத்திருந்த பங்கில் பாடகர் குழுவிலும் இருக்கிறார்.

நிலையத்தைவிட்டு வெளியே வந்தால் கண்ணாடியும் கொங்கிறீற்றுமாக வானளாவிய கட்டடங்கள். அகன்ற வீதிகள். வெயில் இருந்தும் காற்று எலும்புவரை குளிர்ந்தது. சைக்கிளுக்குத் தனிப் பாதை. அதில் தெரியாமல் நின்றால் மணியடித்துத் திட்டிவிட்டுப் போகிறார்கள். கோட்டும் சூட்டும் போட்ட உத்தியோகத்தர்களும் சைக்கிளில்தான்.

கொஞ்சத் தூரம் நடந்ததும் எங்களோடு வந்த தாய் கேட்டார்: "என்ன அண்ணை, ஐரோப்பா எண்டால் பழைய கோயிலும் பழைய வீடுகளுமா இருக்குமெண்டு படத்தில பாத்தனான். இஞ்ச ஒண்டையும் காணேல்லையே?"

"நடவுங்கோ தங்கச்சி, காட்டுறன்" என்றார் அவர்.

அவர் காட்டியது நிலத்தை. நடைபாதையில் பதித்த வட்டமான விளக்கு. அதில் ஒரு தீச்சுவாலையின் அடையாளம். கொஞ்சம் தள்ளி இன்னொன்று, அதற்கப்பால் இன்னொன்று. இப்படி ஏறத்தாழ 12 கிலோமீற்றர் நீளத்துக்கு நகரின் நடுப்பகுதியைச் சுற்றி அடையாளம் இட்டிருக்கிறார்கள். 2010இல் பதித்தவை. இரவில் இந்த விளக்குகள் எரியுமாம். இந்தக் கோட்டுக்கு உள்ளே இருந்ததெல்லாம் எரிந்தது, வெளியே இருந்தது தப்பியது. "நெருப்பு எல்லை" என்றே அதற்குப் பெயர்.

1940 மே 14, பிற்பகல் ஒன்றரை மணியளவில் ஜெர்மன் விமானங்கள் வந்தன. சரணடைவது பற்றிய பேச்சு அப்போது நடந்துகொண்டிருந்தது. குண்டு வீசாமல் திரும்பும்படி நிலத்திலிருந்து சிவப்புச் சமிக்ஞை வெடிகள் விடப்பட்டன. ஒரு பிரிவு விமானங்களிற் பல திரும்பின, மற்றப் பிரிவு திரும்பவில்லை. 54 விமானங்கள் குண்டு வீசின. கால் மணித்தியாலம்தான். மிச்சத்தை நெருப்புச் செய்தது. ஏறக்குறைய 25,000 வீடுகள், 24 தேவாலயங்கள், 62 பாடசாலைகள், இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கடைகள் அழிந்தன. எண்ணூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர் என்று கணக்கிடுகிறார்கள். சுமார் 80,000 பேர் அன்று மாலை வீடற்றவர்கள். கையில் அகப்பட்டதோடு பாலங்களைக் கடந்து கிராமங்களுக்கு ஓடினார்கள்.

அந்தத் தாய் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். 2009இல் அவர் என்னென்ன கடந்து வந்தார் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். ஒருவரும் ஒன்றும் பேசவில்லை.

அந்தப் பட்டினத்தின் பழைய பெரிய தேவாலயம் புனித லோறன்சு ஆலயம். 1449இல் தொடங்கி எழுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கட்டியது. குண்டுவீச்சுக்குப் பின் கோபுரமும் கருகிய சுவர்களுமே நின்றன. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்ற பேச்சும் இருந்தது. கடைசியில் 1952இல் திருத்தம் தொடங்கி 1968இல்தான் முடிந்தது. வீடுகளும் துறைமுகமும் முந்திக்கொண்டன, ஆலயம் காத்திருந்தது. எமது ஊர்களில் சில இடங்களில் இது மறுவளமாக நடந்ததை வாசகர்கள் அறிவார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1943 மார்ச் 31இல் அதே நகரின் மேற்குப் பகுதியில் மறுபடியும் குண்டு விழுந்தது. இம்முறை வீசியவை அமெரிக்க விமானங்கள். அவற்றின் இலக்கு கப்பல் கட்டும் துறைகள். விழுந்தது குடிமனைகளில். சுமார் 400 பேர் இறந்தனர். விடுவிக்க வந்தவர்களின் குண்டு என்பதால் அதைப் பற்றிப் பலகாலம் யாரும் உரக்கப் பேசவில்லை. "மறக்கப்பட்ட குண்டுவீச்சு" என்று அதை அழைக்கிறார்கள். நினைவுச்சின்னம் எழுந்தது 1993இல், 50 ஆண்டு கழித்து. யாருடைய குண்டு என்பதைப் பொறுத்துத்தான் செத்தவனுக்கு நினைவுக்கல் என்ற வழக்கம் எமது நாட்டுக்கு மட்டும் உரியதல்ல என்று அன்று அறிந்தேன்.

காணி யாருக்குப் போனது?

எங்கள் விவசாயி விடவில்லை. "எல்லாம் சரி. எரிஞ்ச வளவுகள் ஆற்றை பேரில இருந்தது? அந்தச் சனத்துக்குக் காணி திரும்பக் கிடைச்சதோ?"

இந்தக் கேள்விக்கு அங்கே கிடைத்த பதில்தான் எமது வாசகர்கள் கவனிக்க வேண்டியது. திரும்பக் கிடைக்கவில்லை. நகரம் எரிந்து நான்காம் நாள், மே 18ஆம் திகதி, புதிய நகருக்குத் திட்டம் வரையும்படி நகரப் பொறியியலாளர் விட்டேவேனிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்த மாதம் முடிவதற்குள் நெருப்பு எல்லைக்குள் இருந்த காணிகள் பொதுத் தேவைக்கென்று சுவீகரிக்கப்பட்டன. இடிபாடுகளும் அதோடு சேர்த்தி. அந்தக் கல்லையும் மண்ணையும் அள்ளி நகருக்குள் இருந்த நீர்த்துறைகளை நிரப்பினார்கள். பிளாக் என்ற அகன்ற வீதியில் நடந்தோம். முன்பு அது கப்பல் நின்ற துறை. எங்கள் காலடியில் கிடந்தவை ஆரோ ஒருவரின் வீட்டுச் சுவர்கள்.

காணிக்காரருக்கு என்ன கிடைத்தது? மீள்கட்டுமானப் பேரேடு என்று ஒரு புத்தகத்தில் அவர்களது பெயரும், காணிக்கும் கட்டடத்துக்குமான பெறுமதியும் பதியப்பட்டன. காசாகக் கையில் கொடுக்கவில்லை. திரும்பக் கட்டும்போது அந்தப் பதிவைக் காட்டிப் பெறலாம். ஆனால் கட்டுவதற்கோ அனுமதி இல்லை. 1942இல் ஜெர்மன் ஆட்சி கட்டட வேலைகளை நிறுத்தியது. போர் முடிந்து, பழைய திட்டத்தைக் கிழித்துவிட்டு, வான் திரா என்பவர் வரைந்த புதிய திட்டம் 1946இல் ஏற்கப்பட்டது. அதில் பழைய தெருக்களும் ஒழுங்கைகளும் இல்லை. உன் வளவு இருந்த இடத்தில் இப்போது வீதி. உனக்கு வேறோரிடத்தில் துண்டு. நடுநகரில் கட்டிய வீடுகள் முன்பிருந்தவற்றில் பாதிக்கும் குறைவு. மிச்ச இடம் கடைகளுக்கும் கந்தோர்களுக்கும் போனது. வாடகைக்குக் குடியிருந்த ஏழைகளுக்குப் பேரேட்டில் எழுதக் காணியே இருக்கவில்லை. அவர்களிற் பலர் ஆற்றுக்குத் தெற்கே எழுந்த புதிய குடியிருப்புகளுக்குப் போனார்கள். நகரம் மீண்டது என்று உலகம் புகழ்கிறது, உண்மைதான். அங்கு குடியிருந்தவர்கள் அதே இடத்துக்கு மீண்டார்கள் என்று மட்டும் சொல்ல முடியாது.

இருந்தும் பேரேட்டை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பெயர் எழுதியிருந்தது, எல்லை எழுதியிருந்தது, பெறுமதி எழுதியிருந்தது. கேட்கப் போனவனைப் பார்த்து "நீ அங்கே இருந்தாய் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று எவரும் கேட்க முடியவில்லை. ஒல்லாந்தர் எழுதி வைப்பதில் கெட்டிக்காரர் என்பது எங்களுக்கும் தெரிந்ததே. யாழ்ப்பாணத்துக் காணிகளைத் தோம்பிலே பதிந்தவர்கள், 1707இல் தேசவழமையை எழுத்தில் தொகுப்பித்தவர்கள் அவர்கள். வரி அறவிடத்தான் அந்தத் தோம்பு. ஆனாலும் பழைய உறுதிகளில் அந்தச் சொல்லைக் கண்டவர்கள் இருப்பீர்கள். உறுதியைப் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு இடம்பெயர்ந்த எமது தாய்மாருக்கு எழுத்தின் பெறுமதியை நான் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

தற்காலிக வீடு

தெற்குக் கரைக்கு எங்களை வானில் ஏற்றிச் சென்றார் அந்த அண்ணர். 1941 அளவில் வீடிழந்தோருக்காக அங்கே அவசரக் கிராமங்கள் கட்டினார்கள். பிரபாந்து கிராமம், உத்ரெக்ட் கிராமம், திரெந்தெ கிராமம் என்று மாகாணங்களின் பெயர்களை இட்டார்கள். போருக்குப் பின், 1949இல், வீலவால் என்ற குடியிருப்பு எழுந்தது. வீலவால் என்றால் மாங்குயில். சிறிய ஒரு மாடி வீடுகள், முன்னும் பின்னும் தோட்டம். "கொஞ்ச வருசத்துக்கு" என்று கட்டியவை.

அந்தக் கொஞ்ச வருடம் 70 ஆண்டுகளானது. தற்காலிகம் என்பதால் சுவர்கள் மெல்லியவை, ஈரம் பிடிப்பவை. ஆனால் அங்கே பிள்ளைகள் பிறந்தார்கள், கொடிகள் படர்ந்தன, அயல் உருவானது. பிறகு இவற்றை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறோம் என்றபோது, குடியிருந்தவர்களில் ஒரு பகுதியினர் போக மாட்டோம் என்று ஆண்டுக்கணக்காக வாதாடினார்கள். ஒரு பக்கம் "இது மனிதர் இருக்கும் வீடா" என்ற நியாயம். மறுபக்கம் "இதுதான் எங்கள் ஊர், புதிய வீட்டு வாடகைக்கு நாங்கள் எங்கே போவோம்" என்ற நியாயம்.

முகாமில் முதல் நாள் கிடுகு வேயும்போது எங்களில் எவர் ஆண்டுகளை எண்ணினோம்? ஆறு மாதம் என்று சொன்ன இடத்தில் பேரப்பிள்ளை பிறந்த குடும்பங்கள் எமது வாசகர்களுக்குள்ளேயே இருக்கின்றன. முல்லைத்தீவுத் தாய் கேட்டது இதைத்தான்: "அந்தத் தோட்டத்தில என்ன வச்சிருந்தவை?" பூவும் உருளைக்கிழங்கும் என்று பதில் வந்தது. தாமும் தற்காலிகக் கொட்டிலைச் சுற்றி முதலில் முருங்கைத் தடிதான் நட்டதாக அவர் சொன்னார். "போற நேரம் காய்ச்சுக் கொட்டிச்சுது. விட்டிட்டு வர மனம் வரேல்லை."

கப்பலும் ஊரும்

பின்னேரம் படகில் துறைமுகம் பார்த்தோம். பார்த்தது ஒரு மூலைதான். நகரிலிருந்து கடல் வரை ஏறத்தாழ 40 கிலோமீற்றருக்குத் துறைமுகம் நீள்கிறது. சாவகச்சேரியிலிருந்து கிளிநொச்சிக்குப் போவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள், வழியெல்லாம் கப்பலும் எண்ணெய்த் தாங்கிகளும் பாரந்தூக்கிகளும். 1962 முதல் 2004 வரை சரக்குக் கணக்கில் உலகின் முதலாவது துறைமுகம் இதுவே. இரும்புத் தாது, எண்ணெய், கொள்கலன்கள் வருகின்றன. பிரேசிலின் சோயாவும் வருகிறது. காலையில் ரயிலிலிருந்து பார்த்த மாடுகள் புல்லை மட்டும் தின்று அத்தனை பால் கறப்பதில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. 2019இல் துறைமுகத் தண்ணீரின் மேலேயே மிதக்கும் மாட்டுப் பண்ணை ஒன்றையும் அங்கே தொடங்கினார்கள். அதைக் கேட்டு எமது விவசாயி வாய்விட்டுச் சிரித்தார். மாட்டுக்குத் தலை சுற்றாதோ என்பது அவர் கவலை.

அந்தச் சிரிப்பு அடங்க வைத்த செய்தி அதன் பின் வந்தது. கடலை நோக்கித் துறைமுகம் பெருத்தபோது அதன் வழியில் கிடந்தது ரோசன்பேர்க் என்ற விவசாயத் தீவு. நல்ல களிமண் நிலம். அதிலிருந்த பிளாங்கன்பேர்க் என்ற ஊர் துறைமுகத்துக்காக முழுதாக அகற்றப்பட்டது. குண்டு விழுந்து அல்ல. திட்டம் வந்து. வீடுகள், வயல்கள் எல்லாம் போயின. 2024 டிசம்பரில் அவ்விடத்து ஆற்றைக் கடக்கும் புதிய நெடுஞ்சாலை திறக்கப்பட்டபோது அந்த இணைப்புக்கு இட்டிருந்த பெயர் பிளாங்கன்பேர்க். ஊர் இல்லை, பெயர்ப்பலகை இருக்கிறது.

போரால் இடம்பெயர்ந்தவர்களுக்கு நினைவுச்சின்னம் உண்டு. சத்கின் என்ற சிற்பி செய்து 1953இல் திறக்கப்பட்ட வெண்கலச் சிலையை நாங்களும் பார்த்தோம். வானத்தை நோக்கிக் கைகளை உயர்த்தி ஒரு மனிதன் நிற்கிறான், உடலின் நடுவே பெரிய துளை. நகரின் இதயம் பிடுங்கப்பட்டதைக் காட்டுவது. அபிவிருத்தியால் இடம்பெயர்ந்த கமக்காரனுக்கு அப்படி ஒரு சிலையை அன்று நான் காணவில்லை. அணைக்கும் துறைமுகத்துக்கும் மின்நிலையத்துக்கும் காணி கேட்கப்படும் எமது கரையோரங்களில் இந்த வித்தியாசத்தை யாராவது பேச வேண்டும்.

இரவு தங்கியது தெற்கே பெந்திரெக்ட் என்ற குடியிருப்பில், பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் வீட்டில். கஞ்சி போன்ற தடித்த பயற்றங்காய் சூப்பும் பாணும் தந்தார்கள். உறைப்பு அறவே இல்லை. அண்ணர் சட்டைப்பையிலிருந்து இடித்த மிளகாய்த்தூள் சரையை எடுத்து நீட்டினார். நாற்பது வருடப் பழக்கம் என்றார்.

அங்கே தெருக்களுக்கெல்லாம் சீலாந்து மாகாணத்து ஊர்களின் பெயர்கள். நடுவிலுள்ள சதுக்கத்தின் பெயர் "1953". அந்த ஆண்டு பெப்ரவரி முதலாம் திகதி அதிகாலை புயலில் கடலணைகள் உடைந்து 1,836 பேர் இறந்தனர். சுமார் 72,000 பேர் வீடு வாசலை விட்டு வெளியேறினர். வயல்கள் மாதக்கணக்கில் உப்புநீருக்கு அடியில் கிடந்தன. நீர் வடிந்த பின் அந்த மண்ணுக்கு ஜிப்சம் இட்டார்கள். களியில் பிடித்த உப்பை ஜிப்சம் தளர்த்திவிடும், மழைநீர் அதைக் கழுவிக்கொண்டு வடிகாலால் போகும். அதுவரை ஈர மண்ணை ஆழ உழுது கிளறக்கூடாது என்பதை அவர்கள் பட்டு அறிந்தார்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் எங்கள் கரையோரத்தில் உவராகிப் போன வளவுகளை நினைத்துக்கொண்டு, எமது விவசாயி மேசையில் கடதாசியை விரித்துக் கேள்விகளை எழுதத் தொடங்கினார். ஒரு ஏக்கருக்கு எவ்வளவு? எத்தனை மழைக்குப் பின் விதைப்பு? முதலில் என்ன பயிர்? வடிகால் இல்லாத இடத்தில் என்ன செய்வது?

காலை ரயில் மிடில்பேர்க்குக்கு. அந்தக் கேள்விகளுக்குக் கிடைத்த பதில்கள் அடுத்த இதழில்.